மூடிய குளத்தில் ஒரு நீச்சல் தேர்வு

கார்வர்ஸ் பெண்ட் நகரப் பூங்காவின் நடுவே ஒரு ரோஜாத் தோட்டம் இருக்கிறது. ஜூன் பிறந்தால் சிவப்பும் மஞ்சளுமாய் அது பொங்கும். புதுமணத் தம்பதியர் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்; ஓஹியோ ஆற்றுக் காற்று மணப்பெண்ணின் முகத்திரையைத் தூக்கி விளையாடும். அந்தப் பூக்களைப் புகழாதவர் எங்கள் ஊரில் இல்லை. பூக்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்பவரும் இல்லை.

ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. நீல ஓடு பதித்து, படி வைத்து, ஊரார் வரியில் கட்டிய பொதுக் குளம். அது வற்றவில்லை, வெடிக்கவில்லை, வெள்ளத்தில் சிதையவும் இல்லை. கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இறங்கலாம் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அதே கோடையில், நகர மன்றம் கூடியது, கை தூக்கியது, மண் கொட்டி மூடு என்று ஆணையிட்டது. கூடிக் குளிப்பதைவிட எவருமே குளியாதிருப்பது மேல் என்று ஒரு நகரமே முடிவு கட்டியது! வெள்ளையர்களுக்கு அதனால் இழப்பு ஒன்றும் இல்லை. மறு ஆண்டே மேட்டுத் தெருவில், ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்ற பலகையோடு ஒரு கிளப்பும், அந்தக் கிளப்புக்குள் ஒரு குளமும் முளைத்துவிட்டன.

லாரிகள் மண் கொட்டிய நாளில் கம்பி வேலிக்கு வெளியே கறுப்பர் வீட்டுப் பிள்ளைகள் சிலர் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி வெர்னிஸ். ஏழு வயது. கவுனுக்கு உள்ளே, அம்மா வாங்கித் தந்த மஞ்சள் நீச்சல் உடையை அணிந்திருந்தாள். தீர்ப்பு வந்த அன்றே அம்மா கடைக்கு ஓடி அதை வாங்கியிருந்தார். சட்டம் சொன்னால் ஊர் கேட்கும் என்று நம்பிய தலைமுறை அது.

அந்த வெர்னிஸ் தமது அறுபத்தோராம் வயதில், பிப்ரவரிப் பனியைக் காலணியிலிருந்து உதறிக்கொண்டு, ஹால்வெர்சன் கல்லூரியின் மாடியில் உள்ள ஒரு சிறிய அறைக்குள் நுழைந்தார். கதவில் ‘மீண்டும் வருவோர் அலுவலகம்’ என்று எழுதியிருந்தது. பாதியில் படிப்பை விட்ட லாரி ஓட்டுநர்கள், ஆலைத் தொழிலாளர்கள், சிறையிலிருந்து வெளிவந்தவர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள் எல்லாரும் விட்ட இடத்திலிருந்து தொடங்கிப் பட்டம் முடிக்க உதவும் இடம் அது. அதை நடத்தியவர் ஜாய்ஸ் பெட்ராக். எஃகு ஆலை மேற்பார்வையாளர் ஒருவரின் மகள். தாமும் நாற்பது வயதில் பட்டம் முடித்தவர். அவர் மேசைமேல் ஒரு பித்தளைக் கைமணி இருந்தது. கடைசிப் பாடத்தை முடித்தவர் அந்த மணியை அடிக்க வேண்டும் என்பது அந்த அறையின் வழக்கம். மணியோசை கேட்டால் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுக் கை தட்டுவார்கள்.

“வாங்க மிஸ் வெர்னிஸ், உக்காருங்க. காபி தரட்டுமா? முன்னாடியே சொல்லிடறேன், பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கும்.”

“பள்ளிக்கூடத்துக் காபிய முப்பத்தெட்டு வருஷமா குடிக்கிறேன்மா. அதுக்கே சாகாதவ இதுக்கா சாகப்போறேன்? குடு.”

வெர்னிஸ் டல்லிக்கு ஊர்த் தொடக்கப்பள்ளியில் வகுப்பு உதவியாளர் வேலை. முதல் வகுப்புப் பிள்ளைகளை மடியருகே உட்காரவைத்து, எழுத்துக் கூட்டி, சொல் கூட்டி, வாசிக்க வைப்பவர் அவர். பெயருக்கு உதவியாளர், வேலைக்கு ஆசிரியர். இப்போது பள்ளி வாரியம் புதிதாக ஒன்று சொல்லியிருந்தது. வரும் ஆகஸ்ட் மாதம் பள்ளி திறக்கும்போது, பட்டம் பெறாத எவரும் வாசிப்பு வகுப்பில் இருக்கக் கூடாது. பட்டமின்றி இருப்பவர்கள் உணவுக்கூடத்துக்கு மாற்றப்படுவார்கள்.

“உணவுக்கூடத்துல என்ன வேலை?” என்று கேட்டார் ஜாய்ஸ்.

“பால் டப்பாவப் பிரிச்சுக் குடுக்கணும். கொட்டினா தொடைக்கணும். ‘ஓடாதே, கத்தாதே’ன்னு கத்தணும். புள்ளைங்க கையில புத்தகம் இருக்கற எடத்துலேர்ந்து எடுத்து, தட்டு இருக்கற எடத்துல என்னைப் போடறாங்க, ஜாய்ஸ். நான் போக மாட்டேன். எனக்குப் பட்டத்த முடிச்சுக் குடு.”

ஜாய்ஸ் கணினியைத் தட்டிப் பழைய மதிப்பெண்களை வரவழைத்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது.

“அடேயப்பா! எல்லாத்தையும் முடிச்சிருக்கீங்களே! வரலாறு, கணக்கு, குழந்தை உளவியல், பயிற்சி வகுப்பு, எல்லாத்துலயும் நல்ல மார்க்கு. கடைசில இது என்ன ஒண்ணு காலியா... நீச்சலா? மிஸ் வெர்னிஸ், வெறும் நீச்சலா? இதுக்கா நாப்பது வருஷம் இந்தப் பக்கமே வராம இருந்தீங்க?” சிரித்துக்கொண்டே மணியை விரலால் சுண்டினார். “மே மாசம் நீங்க இத அடிக்கிறீங்க. அடிக்கலேன்னா என் பேர மாத்தி வெச்சுக்கறேன்.”

வெர்னிஸ் சிரிக்கவில்லை.

“நான் போகாம இல்ல, ஜாய்ஸ். எத்தனையோ தடவ போனேன். ஆழத்துப் பக்கம் வரிசையா நிக்க வெச்சு, ‘குதி’ன்னார் வாத்தியார். அதுக்கு முன்னாடி நான் எறங்கின தண்ணி எங்க வீட்டுக் குளியல் தொட்டிதான். ‘தெரியாது சார்’ன்னேன். ‘இந்த ஊர்ப் பொண்ணுதானே நீ, உங்க ஊர்ல கொளமே இல்லியா?’ன்னார். பின்னாடி நின்னதுங்க பூரா சிரிச்சுது. கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். வகுப்பு முடியற வரைக்கும் நின்னேன். அடுத்த வாரமும் நின்னேன்.”

ஜாய்ஸின் விரல் மணியிலிருந்து இறங்கியது.

அடுத்த பருவத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணித்தான் வெர்னிஸ் அன்று உதவியாளர் வேலையில் சேர்ந்தார். பிறகு திருமணம், பிறகு குழந்தைகள், பிறகு கணவரின் நோய், பிறகு தனிமை. அந்த அடுத்த பருவம் வரவே இல்லை. நான்கு ஆண்டுகள் உழைத்துப் படித்த ஒரு பெண்ணை, அவள் படிப்புக்கும் தொழிலுக்கும் எள்ளளவும் தொடர்பில்லாத ஒரு தேர்வு வாசலில் நிறுத்தியது. அந்தத் தேர்வுக்கு வேண்டிய தண்ணீரை அவளுக்கு மறுத்தவர்களின் பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். எவன் கதவை அடைத்தானோ அவனே ‘ஏன் உள்ளே வரவில்லை?’ என்று கேட்கும் உலகம் இது!

நீந்திக் காட்டினால்தான் பட்டம் என்ற அந்தக் காலத்து நீச்சல் தேர்வைக் கல்லூரி எப்போதோ கைவிட்டுவிட்டது. கல்லூரிக் குளத்தையும் இடித்து, கண்ணாடிச் சுவர் வைத்த மாணவர் கூடம் ஒன்றைக் கட்டியாயிற்று. ஆனால் மாணவர் எந்த ஆண்டு சேர்ந்தாரோ அந்த ஆண்டின் கையேடுதான் அவரை ஆளும் என்பது விதி. வெர்னிஸின் கையேட்டில் நீச்சல் உயிரோடு இருந்தது. புதிய கையேட்டுக்கு மாறலாம்; மாறினால், புதிதாகச் சேர்த்த பாடங்களை இன்னும் இரண்டு ஆண்டுகள் படிக்க வேண்டும். ஆகஸ்ட் அதுவரை காத்திருக்காது.

ஜாய்ஸ் ஒரு மனு எழுதினார். சுற்றி வளைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. குளம் மூடப்பட்ட கதையை உள்ளபடி எழுதி, இந்தப் பெண்ணுக்கு நீச்சலிலிருந்து விலக்குத் தருவது சலுகை அல்ல, நியாயம் என்று முடித்தார். மார்ச் மாதத்தில் பதிவாளர் கால்வின் ஷ்ரோடர் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார்.

ஷ்ரோடர் கெட்டவர் அல்லர். கொடுமையே அதுதான். கெட்டவராக இருந்தால் எதிரே நின்று சண்டை போடலாம். அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். கனிவோடு நலம் கேட்டார்.

“என் பொண்ணு இன்னும் உங்களப் பத்திப் பேசுவா, மிஸஸ் டல்லி. அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான்.”

“எமிலிதானே? ரொம்ப வாயாடி. நல்லா இருக்காளா?”

“வக்கீலா இருக்கா.”

“வாயாடின்னு சொன்னேனா இல்லியா?”

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஷ்ரோடர் தொண்டையைச் செருமினார்.

“உங்க மனுவக் குழு ரொம்ப மரியாதையோட படிச்சுது. ஆனா ஊரு ஒரு குளத்த மூடினா அதுக்குக் கல்லூரி என்னங்க பண்ணும்? நாங்களா மூடினோம்?”

“நீங்க மூடலீங்க. மூடின ஊர்ல நின்னுக்கிட்டு என்னைக் ‘குதி’ன்னீங்க.”

“புரியுது. புரியாம இல்ல. ஆனா இந்தக் காரணத்த ஏத்துக்கிட்டோம்னு கோப்புல எழுதினா, நாளைக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்லணும்? கையேட்டுல விலக்குக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கு. உடம்பு. டாக்டர்கிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. தண்ணின்னா தீராத பயம், எறங்கவே முடியாதுன்னு. நீங்களும் கீழ ஒரு கையெழுத்துப் போடணும். அடுத்த வாரமே பட்டம் கையில.”

வெர்னிஸ் கைப்பையை மடியில் நேராக வைத்தார்.

“எனக்குத் தண்ணின்னா பயம் இல்லீங்க. தண்ணில என்னை விடறதுக்குத்தான் இந்த ஊருக்குப் பயம். நோய் ஊருக்கு, சான்று என் பேர்லயா?”

“மிஸ் வெர்னிஸ்...” என்று ஜாய்ஸ் மெல்லக் கையைத் தொட்டார்.

“இரு, ஜாய்ஸ். வேற வழி என்னங்க இருக்கு?”

ஷ்ரோடர் கைகளை விரித்தார். “நீந்தினா முடிஞ்சுது. எந்தக் குளமா இருந்தாலும் சரி. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரணும். நடுவுல நிக்கக் கூடாது, சுவரத் தவிர எதையும் புடிக்கக் கூடாது. உடற்கல்வித் துறை கையெழுத்துப் போட்டா நான் ஏத்துக்கறேன்.”

“சரி,” என்றார் வெர்னிஸ். “நீந்தறேன்.”

பக்கத்து ஊர்ச் சமூகக் கூடத்தில் கூரை போட்டு மூடிய நீச்சல் குளம் ஒன்று இருந்தது. அதன் பயிற்சியாளர் லூப்பே பரேரா. கழுத்தில் ஒரு ஊதல், வாயில் ஓயாத பேச்சு. முதல் நாள் வெர்னிஸ் படியில் நின்று, கணுக்கால் நனைய, நெடுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன ராணியம்மா, தண்ணிய வாசிக்கிறீங்களா? அதுல எழுத்து ஒண்ணும் இல்ல, எறங்குங்க!”

“எறங்கறேன்டி. அம்பத்து நாலு வருஷம் கழிச்சு எறங்கறேன். கொஞ்சம் மெதுவாத்தான் எறங்குவேன்.”

அலுவலகம் முடிந்ததும் ஜாய்ஸ் காரில் அவரை அழைத்துவருவார். தாமும் இறங்கி, அவர் முதுகுக்கு அடியில் இரு கைகளையும் நீட்டித் தாங்கிப் பிடிப்பார். வெர்னிஸின் உடம்பு முதலில் மரக்கட்டையாக விறைத்தது. காதில் தண்ணீர் புகுந்தால் பதறி எழுந்தார். மூக்கில் ஏறினால் இருமினார். இருமி முடித்து மறுபடியும் படுத்தார். ஏப்ரலில் ஒரு மாலை, ஜாய்ஸ் கைகளை எடுத்துவிட்டார். வெர்னிஸ் மிதந்துகொண்டே இருந்தார். கூரை விளக்குகளைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்:

“நீ எங்க கத்துக்கிட்ட, ஜாய்ஸ்?”

ஜாய்ஸின் தந்தை மேட்டுத் தெருக் கிளப்பின் உறுப்பினர்.

“மேட்டுக் கிளப்புல.”

“ம்.” நீர் வெர்னிஸின் காதோரம் தளும்பியது. “தண்ணி நல்லா இருந்துச்சா?”

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்ற குழந்தை, உள்ளே தின்றுவிட்டு வந்த குழந்தையிடம் கேட்பதுபோல இருந்தது. அதனால்தான் அது தாங்க முடியாததாக இருந்தது.

“நல்லா இருந்துச்சு, மிஸ் வெர்னிஸ். ரொம்ப நல்லா இருந்துச்சு.”

“அதான் பார்த்தேன்.”

மே மாதத்தில் பட்டமளிப்பு விழா வந்து போயிற்று. வெர்னிஸ் அதற்குள் கைவீசக் கற்றிருந்தார். ஒரு பக்கம் போய்ச் சேருவார். திரும்பும்போது மூச்சு முட்டும். ஜூனில் மூச்சும் வசப்பட்டது. தேர்வு நாள் குறித்தார்கள். கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளரைச் சாட்சிக்கு அழைத்துவந்தார் ஜாய்ஸ். உடற்கல்வி என்றால் விளையாட்டு, விளையாட்டு என்றால் பயிற்சியாளர். அவர் கையெழுத்தே போதும் என்பது ஜாய்ஸின் கணக்கு.

வெர்னிஸ் மஞ்சள் நீச்சல் உடையில் வந்தார்.

“அட, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி எல்லாம் வரிசையா நிக்கிறீங்க?” என்றார்.

“பொண்ணு நடந்து வர்றதப் பார்க்க வந்திருக்கோம்,” என்றார் லூப்பே. “ஊதினதும் தள்ளுங்க. நடுவுல யோசிக்காதீங்க. யோசனை கனமானது, கீழ இழுக்கும்.”

ஊதல் ஒலித்தது. வெர்னிஸ் சுவரை உதைத்துப் புறப்பட்டார். அழகான நீச்சல் அல்ல அது. தலை அளவுக்கு மேல் தூக்கியது. கால் அடிப்பது போதவில்லை. ஒரு கை நீரை அரிந்தது, மறு கை அறைந்தது. ஆனால் போனார். அந்தச் சுவரைத் தொட்டார். திரும்பினார். பாதி வழியில் உடம்பு தாழ்ந்தது. வாய் நீருக்குள் போயிற்று. ஜாய்ஸ் கரையோரமாகவே ஓடினார். நீந்தும் தடங்களைப் பிரிக்கும் கயிறு கைக்கெட்டும் தொலைவில் மிதந்தது. வெர்னிஸ் அந்தக் கயிற்றைப் பார்த்தார். பிடிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் இனி எந்தக் கம்பியையும் பிடிக்கமாட்டாள். தலையைத் தூக்கி, மூச்சை இழுத்து, மீண்டும் கை வீசி, சுவரில் வந்து விழுந்தார்.

கூடைப்பந்துப் பயிற்சியாளர் விசில் அடித்தார். லூப்பே உடையோடு குளத்தில் குதித்துவிட்டார். வெர்னிஸ் சுவர் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிறருக்குத் தெரியாதபடி மூச்சு வாங்கினார்.

கதை இங்கே முடிந்திருந்தால், நானும் உங்களோடு சேர்ந்து கை தட்டியிருப்பேன்.

மறுநாள் ஜாய்ஸ் பதிவாளர் மேசையில் கையெழுத்திட்ட தாளை வைத்தார். ஷ்ரோடர் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி படித்தார்.

“இது செல்லாதே, ஜாய்ஸ்.”

“என்ன செல்லாது? நீந்தினாங்க, கால்வின்! என் கண்ணால பார்த்தேன்!”

“நீந்தல்லேன்னு நான் சொல்லவே இல்ல. கோச் ஆசிரியர் இல்ல. விளையாட்டுப் பிரிவு ஊழியர். உடற்கல்வித் துறை ஆசிரியர் கையெழுத்து வேணும்னு கையேடு சொல்லுது.”

“சரி, அந்தத் துறைத் தலைவர் யாரு? இப்பவே போறேன்.”

ஷ்ரோடர் கண்ணாடியை மேசைமேல் வைத்தார். “துறையே இல்லியே. குளத்த இடிச்ச வருஷமே அதையும் மூடிட்டாங்க.”

“அப்ப யாருதான் கையெழுத்துப் போட முடியும்?”

“யாராலயும் முடியாது.”

“மார்ச் மாசம் நீங்கதானே சொன்னீங்க, துறை கையெழுத்துப் போட்டா ஏத்துக்கறேன்னு?”

“கையேட்டுல இருந்தத சொன்னேன். துறை இல்லேன்னு... எனக்கும் தோணல. உனக்கும் தோணல.”

விதியை வாசிப்பதே வேலையாகிப் போனவர்களுக்கு மட்டும் வரும் குருடு அது. இருவரும் அதே வளாகத்தில் அன்றாடம் நடப்பவர்கள். இடித்த குளத்தின்மேல் கட்டிய கூடத்தில் அமர்ந்து உணவு உண்பவர்கள். ஆயினும் விதியில் இருந்த துறை உலகிலும் இருக்கும் என்று இருவருமே நம்பினார்கள். ஊர்க் குளம் மண்ணுக்கு அடியில். கல்லூரிக் குளம் கண்ணாடிக் கூடத்துக்கு அடியில். துறையோ பழைய பெயர்ப்பலகைகளுக்கு அடியில். எல்லாம் செத்தன. விதி மட்டும் சாகவில்லை! ஏழைக்கும் கறுப்பருக்கும் உதவவேண்டிய விதிகள் நோஞ்சானாய்ப் பிறந்து தொட்டிலிலேயே கண் மூடுகின்றன. அவர்களைத் தடுக்கும் விதிகளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்தச் சாகாவரம்?

விதியைத் திருத்தும் குழு அக்டோபரில்தான் கூடும். ஜாய்ஸ் கல்லூரி முதல்வரைப் பார்த்தார்; முதல்வர் அனுதாபப்பட்டார். பள்ளி வாரியத்தைக் கெஞ்சினார். ஆகஸ்ட் என்றால் ஆகஸ்ட்தான் என்றார்கள். திறந்திருந்த வழி ஒன்றே ஒன்று. மருத்துவர் சான்று.

செய்தியைச் சொல்ல ஜாய்ஸ் வெர்னிஸின் வீட்டுக்குப் போனார். வெர்னிஸ் சமையலறையில் சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். தலைமயிரில் இன்னும் குளோரின் வாடை இருந்தது. முழுக் கதையையும் கேட்டார், அடுப்பை அணைத்தார்.

“அப்போ நீந்தினவ, நீந்தத் தெரியாதுன்னு கையெழுத்துப் போடணும்.”

“தெரியாதுன்னு இல்ல. எறங்க முடியாது, பயம்னு...”

“அது இன்னும் நல்லா இருக்கு.”

“மிஸ் வெர்னிஸ், என் மேல கோபப்படுங்க, திட்டுங்க. ஆனா போட்டுடுங்க. அது வெறும் காகிதம்.”

“அந்தக் கொளத்த மூடினதும் வெறும் காகிதம்தான், ஜாய்ஸ். லாரி அப்புறம்தான் வந்துச்சு.”

ஜாய்ஸ் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வெர்னிஸ் ரொட்டியை வெட்டி, வெண்ணெய் தடவி, அவர் முன்னால் வைத்தார்.

“தின்னு. உன்னத் திட்டி நான் என்ன பண்ண? நீ ஒருத்திதான் தண்ணிக்குள்ள வந்து கைய நீட்டின.”

ஜூலை முழுவதும் வெர்னிஸ் பதில் சொல்லவில்லை. ஒருநாள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்து போனார். உணவுக்கூடத்தைக் காட்டினார்கள். கொட்டியதைத் துடைக்கும் துடைப்பான் எங்கே இருக்கிறது, குப்பை வாளி எங்கே இருக்கிறது என்று ஒரு இளம்பெண் பணிவோடு விளக்கினாள். திரும்பி வரும் வழியில் பழைய வகுப்பறைக் கதவு திறந்திருந்தது. சுவரில் அவர் கையால் வெட்டி ஒட்டிய வண்ண எழுத்துகள் அப்படியே இருந்தன. புதிய ஆண்டுக்கான பிள்ளைகளின் பெயர்களை மேசைகளில் ஒட்டியிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு பெயர் அவருக்குத் தெரிந்த பெயர். சென்ற ஆண்டு தேறாமல் மறுபடியும் முதல் வகுப்பிலேயே உட்காரப்போகும் டெஷான். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசிப்பதாக நடிப்பவன். வெர்னிஸ் இல்லாவிட்டால், அவன் அப்படியே நடித்து நடித்தே பெரியவனாகிவிடுவான்.

மறுநாள் அவர் மருத்துவரிடம் போனார். அதற்கு மறுநாள் ஜாய்ஸின் அலுவலகத்துக்கு வந்தார்.

சான்றில் இருந்த வாசகம் இது: தண்ணீரைக் கண்டால் இவருக்குச் சிறுவயது முதலே மிகுந்த அச்சம், எந்த நீர்நிலையிலும் இவரால் இறங்க இயலாது. கீழே, ‘மேற்கண்டது உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்ற வரிக்குப் பக்கத்தில் வெற்றிடம்.

வெர்னிஸ் பேனாவை எடுத்தார். பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டும் அதே அழகான எழுத்தில், அவசரமின்றி, தம் முழுப் பெயரையும் எழுதினார்.

மண்ணைக் கொட்டியவர்கள் யாரும் எந்தத் தாளிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கவில்லை. கை தூக்கிய மன்றத்தார் மானத்தோடு வாழ்ந்து, மலர்வளையத்தோடு அடங்கினார்கள். அவர்களில் ஒருவர் பெயரில் எங்கள் ஊரில் ஒரு நூலகம்கூட இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்ற ஏழு வயதுச் சிறுமி, கிழவியாகி வந்து, அவர்கள் எல்லாருக்காகவும் கையெழுத்துப் போட்டாள். குறை என்னிடம்தான், ஊரிடம் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள்!

பழக்கத்தால் ஜாய்ஸின் கை மணியை நோக்கிப் போயிற்று.

“வேணாம், ஜாய்ஸ்.”

“முடிச்சுட்டீங்க, மிஸ் வெர்னிஸ். இது உங்க மணி.”

“கீழ இருக்கறவங்க கை தட்டுவாங்க. எதுக்குத் தட்டறோம்னு அவங்களுக்குத் தெரியாது. வேணாம். மணிய உள்ள வை.”

ஒரு வாரத்தில் பட்டம் அஞ்சலில் வந்தது. ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது வெர்னிஸ் டல்லி வாசிப்பு வகுப்பில் இருந்தார். பெயருக்கு எதிரே இப்போது ‘ஆசிரியர்’ என்று இருந்தது.

ஆனால் அவர் குளத்துக்கு வரவில்லை. வழக்கமான மாலைகளில் ஜாய்ஸ் தனியாகப் போய்க் கரையில் உட்கார்ந்திருந்தார்.

“எங்க நம்ம ராணியம்மா?” என்றார் லூப்பே. “இப்பத்தானே பட்டாம்பூச்சி நீச்சல் சொல்லித்தாங்கன்னு நச்சரிச்சாங்க? கொழுப்புப் பாருங்க, பட்டம் வந்ததும் நம்மள மறந்துட்டாங்களா?”

செப்டம்பர் கடைசியில் ஜாய்ஸ் பள்ளிக்கே போனார். மாலை மணி அடித்துப் பிள்ளைகள் மஞ்சள் பேருந்துகளை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார்கள். வெர்னிஸ் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

“காரு அங்க நிக்குது, மிஸ் வெர்னிஸ். உங்க துண்டு பின் சீட்லயே கெடக்கு. வாங்க, போலாம்.”

“நான் வரல, ஜாய்ஸ்.”

“தேர்வுக்கு இல்ல. சும்மா, ஆசைக்கு. உங்களுக்குத் தண்ணி புடிச்சிருந்துச்சு. எனக்குத் தெரியும்.”

“புடிச்சிருந்துச்சு.” வெர்னிஸ் ஒரு பிள்ளையின் பையை நேராக்கி ஏற்றிவிட்டார். “மிதக்கறப்ப கூரைய பார்த்துக்கிட்டு இருப்பேன் பாரு, அப்ப என் மேல ஒரு கனமும் இருக்காது. ஆனா எறங்க முடியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அந்தக் கொளத்துக்கு இந்த ஊர்ப் புள்ளைங்க வருதுங்க, அப்பா அம்மா வர்றாங்க. மிஸ் டல்லி நல்லா நீந்தறாங்களேன்னு ஒருத்தர் ஒரு நாள் சொன்னா போதும். பட்டம் பொய்யாயிடும். பட்டம் பொய்யானா இந்த வகுப்பு போயிடும்.”

“யாரு போய்ச் சொல்லப்போறாங்க? யாரும் அவ்வளவு...”

ஜாய்ஸ் பாதியில் நிறுத்திக்கொண்டார். கார்வர்ஸ் பெண்டில் பிறந்தவர் அவர்.

“அவங்க எழுதச் சொன்னது பொய்தான்,” என்றார் வெர்னிஸ். “ஆனா இப்ப நான்தான் அத நெஜமாக்கணும். தண்ணின்னா பயந்தவளாவே இருந்துட்டுப் போறேன். தண்ணியப் பார்த்து இல்லேன்னாலும் பயம் பயம்தானே?”

கடைசிப் பேருந்து நகர்ந்தது. ஜன்னல் வழியே டெஷான் வழியில் இருந்த விளம்பரப் பலகையை உரக்க, எழுத்துக் கூட்டி, வாசித்துக்கொண்டே போனான். வெர்னிஸ் அந்தக் குரல் மறையும்வரை கை அசைத்தார். பிறகு திரும்பி உள்ளே நடந்தார்.

ஜாய்ஸ் பூங்கா வழியாக வீட்டுக்குத் திரும்பினார். ரோஜாத் தோட்டத்தில் நகராட்சி ஊழியர் ஒருவர் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டின் கடைசிப் பூக்கள். தண்ணீர் தேங்கவில்லை. விழுந்த இடத்திலேயே, ஒரு சொட்டு மிச்சமின்றி, அந்த மண் அதைக் குடித்துக்கொண்டிருந்தது.